சென்சார் வலையமைப்பில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ரூட்டிங்: முதலில் அணையப்போகும் கணுவிலிருந்து தொடங்குங்கள்

கம்பியில்லாச் சென்சார் வலையமைப்பை முதன்முறையாக அமைக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: மிகக் குறைவான மின்சாரம் செலவழிக்கும் ரூட்டிங் நெறிமுறை எது? நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்பு இன்னொரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். உங்கள் வலையமைப்பில் எந்தக் கணுவின் பேட்டரி முதலில் தீரப்போகிறது? ஏன் அது?

நூறு கணுக்களும் சேர்ந்து எவ்வளவு செலவழிக்கின்றன என்ற மொத்தக் கணக்கு, வரைபடம் போட்டுக் காட்டுவதற்கு நன்றாக இருக்கும். ஆனால் மற்றவற்றின் தரவையெல்லாம் சுமந்துகொண்டிருந்த ஒரு கணு அணைந்துவிட்டால், அதற்குப் பின்னால் இருக்கும் கணுக்களில் பேட்டரி பாதிக்கு மேல் மீதி இருந்தும் பயனில்லை. அவை அனுப்பும் தகவல் எங்கும் போய்ச் சேராது. ஆகவே கீழே வரும் ஒவ்வொரு படியிலும் அந்த ஒரு கணுவையே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில சொற்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சென்சார், சிறிய நுண்கட்டுப்படுத்தி, ரேடியோ, பேட்டரி ஆகியவை சேர்ந்த கருவிதான் கணு. எல்லாத் தரவும் போய்ச் சேரும் இடம் சேகரிப்புக் கணு. அது பெரும்பாலும் மின் இணைப்போடு இருக்கும். அதன் ஆயுளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. தரவைச் சிறு பொட்டலமாகக் கட்டி அனுப்புவதுதான் பாக்கெட். ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குப் பாக்கெட் போவது ஒரு தாவல். எந்தக் கணுக்கள் வழியாகத் தாவிப் போவது என்று முடிவு செய்வதே ரூட்டிங்.

முதல் படி: ரேடியோவின் செலவைக் காகிதத்தில் போடுங்கள்

நெறிமுறைகளைப் படிக்கத் தொடங்குமுன் உங்கள் ரேடியோ சில்லின் தரவுத்தாளைத் திறந்து மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அனுப்பும்போது ஓடும் மின்னோட்டம், பெறும்போது ஓடும் மின்னோட்டம், உறங்கும்போது ஓடும் மின்னோட்டம். இங்கே எடுத்துக்காட்டாக சிசி2420 சில்லை எடுத்துக்கொள்கிறேன். பழைய சில்தான். ஆனால் டெலோஸ்பி, மைக்காஇசட் போன்ற ஆய்வுக் கணுக்களில் இருந்தது அதுவே. இந்தத் துறையின் பல கட்டுரைகளில் வரும் எண்களும் அதனுடையவை. உங்கள் சில் புதிதாக இருந்தால் எண்கள் குறையும், கணக்குப் போடும் முறை மாறாது.

சிசி2420 முழுத் திறனில் அனுப்பும்போது 17.4 மில்லிஆம்பியர் எடுக்கிறது. பெறும்போது 18.8 மில்லிஆம்பியர். ஆம், இந்தச் சில்லில் கேட்பதற்குத்தான் பேசுவதைவிட அதிகச் செலவு. யாரும் எதுவும் அனுப்பாத நேரத்தில் வெறுமனே காது கொடுத்துக்கொண்டிருந்தாலும் அதே 18.8 மில்லிஆம்பியர்தான் ஓடும். புதிதாக வருபவர்கள் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய உண்மை இதுவே.

இரண்டு ஏஏ அளவு ஆல்கலைன் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 3 வோல்ட், 2500 மில்லிஆம்பியர்-மணி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆற்றலில் சொன்னால் சுமார் 27 கிலோஜூல். ரேடியோவை எப்போதும் திறந்தே வைத்தால் 2500-ஐ 18.8-ஆல் வகுக்க 133 மணி நேரம் வருகிறது. ஆறு நாள்கூட இல்லை. இதே ரேடியோ நேரத்தில் 1 சதவீதம் மட்டும் விழித்திருந்தால் 13,300 மணி நேரம், அதாவது ஒன்றரை ஆண்டு. உறக்க மின்னோட்டத்தையும் பேட்டரி தானாக இறங்குவதையும் கழித்தால் கொஞ்சம் குறையும். அப்படியிருந்தும் வேறுபாடு எவ்வளவு பெரியது என்று பாருங்கள். எந்த ரூட்டிங் நெறிமுறையாலும் ஆயுளை நூறு மடங்கு கூட்ட முடியாது. ரேடியோவை அணைப்பதால் முடியும்.

இப்போது ஒரு பாக்கெட்டின் விலை. குறைந்த திறன் ரேடியோக்களுக்கான ஐஇஇஇ 802.15.4 தரத்தில் ஒரு சட்டகம் (ரேடியோ ஒரே தடவையில் அனுப்பும் பாக்கெட்) அதிகபட்சம் 127 பைட். அதன் முன்னால் ஒத்திசைவுக்காகவும் நீளத்தைச் சொல்லவும் 6 பைட் சேரும். 133 பைட்டை விநாடிக்கு 250 கிலோபிட் வேகத்தில் அனுப்ப 4.26 மில்லிவிநாடி ஆகிறது. 3 வோல்ட்டில் கணக்கிட்டால் அனுப்புவதற்குச் சுமார் 222 மைக்ரோஜூல், பெறுவதற்குச் சுமார் 240 மைக்ரோஜூல். ஆக, ஒரு தாவலுக்கு வலையமைப்பு கொடுக்கும் குறைந்தபட்ச விலை 460 மைக்ரோஜூல் அளவு. இந்த எண்கள் திரும்பத் திரும்ப வரும். ஓரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: உறக்கத்தை முடிவு செய்யுங்கள், அதன் பிறகே வழி

ரேடியோ எப்போது விழிக்க வேண்டும் என்பதை ரூட்டிங்குக்குக் கீழே இருக்கும் ஊடக அணுகல் அடுக்கு முடிவு செய்கிறது. 2002-இல் வந்த எஸ்-மேக், 2004-இல் வந்த பி-மேக், 2006-இல் வந்த எக்ஸ்-மேக், 2011-இல் வந்த கான்டிக்கிமேக் எல்லாம் இந்த வேலைக்காகப் பிறந்தவை. பிந்தைய மூன்றிலும் அடிப்படை ஒன்றுதான். ஒவ்வொரு கணுவும் குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு கணம் விழித்து, யாராவது அழைக்கிறார்களா என்று பார்த்துவிட்டு மறுபடி உறங்கும். அனுப்ப விரும்பும் கணு, எதிர்க்கணு விழிக்கும் வரை அழைத்துக்கொண்டே இருக்கும்.

இதன் விளைவு நேராக ரூட்டிங்கில் வந்து விழுகிறது. விழிப்பு இடைவெளி 125 மில்லிவிநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்கணு எப்போது விழிக்கும் என்று தெரியாமல் அனுப்பினால் சராசரியாக 62 மில்லிவிநாடி அழைக்க வேண்டியிருக்கும். 222 மைக்ரோஜூல் என்று கணக்குப் போட்ட பாக்கெட் இப்போது 3.3 மில்லிஜூல் தின்கிறது. அக்கம்பக்கத்தில் எல்லோருக்குமாகச் சொல்லும் பரப்புச் செய்தி என்றால் முழு 125 மில்லிவிநாடியும் அழைத்தாக வேண்டும்: 6.5 மில்லிஜூல். ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அண்டைக் கணுக்களுக்கு அறிவிக்கும் ஒரு சிறு ரூட்டிங் செய்திக்கு, வெறும் பாக்கெட்டின் விலையைப்போலக் கிட்டத்தட்ட முப்பது மடங்கு. அண்டைக்கணுவின் விழிப்பு நேரத்தை நினைவில் வைத்து அதற்குச் சற்று முன்பு மட்டும் அழைக்கும் உத்தி கான்டிக்கிமேக்கில் உண்டு. அது ஒருவருக்கொருவர் அனுப்பும் செலவைக் கணிசமாகக் குறைக்கும். பரப்புச் செய்தியை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

2012-இல் ஐஇஇஇ 802.15.4இ வழியாக வந்த டிஎஸ்சிஎச் வேறு பாதையில் போகிறது. எல்லாக் கணுக்களும் நேரத்தை ஒத்திசைத்துக்கொண்டு, யார் எந்த நேரத்துண்டில் எந்த அலைவரிசையில் பேசுவது என்று அட்டவணை போட்டுக்கொள்கின்றன. வீணாகக் கேட்பதும் அழைத்துக்கொண்டே இருப்பதும் இதில் பெருமளவு ஒழிகின்றன. புதிதாகத் தொடங்குகிறவர்களிடம், ஒத்திசைவைப் புரிந்துகொள்ள ஒரு வாரம் செலவழிக்க முடியுமென்றால் இதிலேயே தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

மூன்றாம் படி: முதலில் அணையும் கணுவைக் கண்டுபிடியுங்கள்

வட்டமான ஒரு பரப்பு, நடுவில் சேகரிப்புக் கணு, சுற்றிலும் சீரான அடர்த்தியில் சென்சார் கணுக்கள் என்று கற்பனை செய்யுங்கள். ஒரு தாவல் தூரத்தை ஓர் அலகாகக் கொண்டால், வட்டத்தின் ஆரம் ஐந்து அலகு. ஒவ்வொரு கணுவும் ஒரு சுற்றுக்கு ஒரு பாக்கெட் உருவாக்குகிறது. எல்லாப் பாக்கெட்டுகளும் கடைசித் தாவலில் முதல் வளையத்தில் உள்ள கணுக்கள் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும்.

முழு வட்டத்தின் பரப்பு ஐந்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம், அதாவது 25. முதல் வளையத்தின் பரப்பு 1. ஆகவே முதல் வளையக் கணு ஒவ்வொன்றும் சராசரியாக 25 பாக்கெட் அனுப்ப வேண்டும். அதில் ஒன்று அதனுடையது, மற்ற 24 பிறரிடமிருந்து பெற்றவை. விளிம்பில் இருக்கும் கணுவுக்கோ தன்னுடைய ஒரே ஒரு பாக்கெட்தான்.

இரண்டாம் படியில் பார்த்த எண்களை இங்கே போடுவோம். ரேடியோ 1 சதவீதம் விழித்திருக்கும் அடிப்படைச் செலவு நிமிடத்துக்குச் சுமார் 34 மில்லிஜூல். ஒரு கணு நிமிடத்துக்கு ஒரு பாக்கெட் உருவாக்கினால் விளிம்புக் கணுவின் மொத்தச் செலவு 37 மில்லிஜூல். முதல் வளையக் கணுவுக்கு 25 அழைப்புக்கு 82, 24 வரவுக்கு 6, அடிப்படை 34 என்று மொத்தம் 122 மில்லிஜூல். 27 கிலோஜூல் பேட்டரியில் விளிம்புக் கணு ஏறத்தாழ 500 நாள் ஓடும். முதல் வளையக் கணு 150 நாளிலேயே அணைந்துவிடும். இதைத்தான் ஆற்றல் ஓட்டை என்கிறார்கள். சேகரிப்புக் கணுவைச் சுற்றி ஒரு வளையம் அணைந்துவிட்டால், வெளியே உயிரோடு இருக்கும் கணுக்கள் பேசிக்கொண்டே இருக்கும், கேட்க ஆளிருக்காது.

அதே வலையமைப்பில் பத்து நிமிடத்துக்கு ஒரு பாக்கெட் என்று மாற்றிப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கான அடிப்படைச் செலவு 338 மில்லிஜூலாக ஏறுகிறது, பாக்கெட் செலவு அப்படியே நிற்கிறது. முதல் வளையக் கணுவுக்கு 426, விளிம்புக் கணுவுக்கு 341. வேறுபாடு வெறும் 25 சதவீதம். இந்த நிலையில் ரூட்டிங்கை எவ்வளவு செதுக்கினாலும் கிடைப்பது அந்தக் கால் பங்குக்குள்தான்; விழிப்பு விகிதத்தை 1 சதவீதத்திலிருந்து 0.5-க்கு இறக்குவது அதைவிடப் பெரிய லாபம் தரலாம். இறக்கினால் அழைப்பு நீளும் என்பதையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

அதனால் நெறிமுறையைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்த இரண்டு எண்களையும் உங்கள் வலையமைப்புக்குப் போட்டுப் பார்த்தே தீர வேண்டும் என்கிறேன். விளிம்புக்கும் முதல் வளையத்துக்கும் இடையிலான விகிதம் ஒன்றை ஒட்டி இருந்தால் உழைப்பை உறக்கத்தில் போடுங்கள். இரண்டு, மூன்று என்று போனால் ரூட்டிங்கில் போடுங்கள்.

நான்காம் படி: ‘குட்டித் தாவல்கள் மிச்சம்’ என்பதைச் சரிபாருங்கள்

பாடநூல்களில் வரும் வாதம் இது: ரேடியோ அலை தூரத்தின் வர்க்கத்துக்கோ அதற்கு மேலோ நலிவதால், ஒரு நீண்ட தாவலைவிடப் பல குட்டித் தாவல்கள் குறைவாகச் செலவழிக்கும். 2000-இல் ஹைன்சல்மன், சந்திரகாசன், பாலகிருஷ்ணன் ஆகியோர் லீச் நெறிமுறையை (ஆறாம் படியில் விரிவாக வரும்) முன்வைத்தபோது பயன்படுத்திய எளிய ரேடியோ மாதிரியில் மின்சுற்றுக்கு ஒரு பிட்டுக்கு 50 நானோஜூல், பெருக்கிக்கு ஒரு பிட்டுக்கு, ஒரு சதுர மீட்டருக்கு 100 பிக்கோஜூல். நடுவில் ஒரு கணுவை வைத்து இரண்டு தாவலாக்கினால், அந்தக் கணு பெறவும் மறுபடி அனுப்பவும் வேண்டும். நேரடியாக அனுப்பினால் மின்சுற்றுச் செலவு ஒரு பங்கு. இரண்டு தாவலில் மூன்று பங்கு. பெருக்கிச் செலவு பாதியாகிறது. இரண்டையும் சமன்படுத்தினால் தூரத்தின் வர்க்கம் 2000 என்று வருகிறது, அதாவது சுமார் 45 மீட்டர். அதற்குள் என்றால் நேரடியாக அனுப்புவதே மேல்.

அதே ஆய்வாளர்கள் 2002-இல் மாதிரியைத் திருத்தினார்கள். சிறு தூரத்துக்குப் பெருக்கி எண் 10 பிக்கோஜூலாக இறங்கியது. சுமார் 88 மீட்டருக்கு மேல் தூரத்தின் நான்காம் அடுக்கில் ஏறும்படி 0.0013 பிக்கோஜூல் என்ற இன்னொரு எண் வந்தது. இந்த எண்களோடு அதே கணக்கைப் போட்டால் எல்லை சுமார் 104 மீட்டருக்கு நகர்கிறது. ஓர் அனுமானத்தை மாற்றியதும் விடை இரண்டு மடங்குக்கு மேல் நகர்ந்துவிட்டது.

உண்மையான சில் இன்னும் பிடிவாதமானது. சிசி2420-இன் வெளியீட்டுத் திறனை 0 டெசிபெல்-மில்லிவாட்டிலிருந்து மைனஸ் 25-க்கு இறக்கினால் காற்றில் போகும் ஆற்றல் முந்நூறு மடங்குக்கு மேல் குறைகிறது. சில் எடுக்கும் மின்னோட்டமோ 17.4-இலிருந்து 8.5 மில்லிஆம்பியருக்கு, பாதியாக மட்டுமே இறங்குகிறது. மின்சுற்றை உயிரோடு வைத்திருக்கும் செலவே பெரிது. ஆகவே குறைந்த திறன் கொண்ட இத்தகைய ரேடியோக்களில் தாவல்களைக் கூட்டுவது பெரும்பாலும் நட்டம். நம்பகமாக எட்டக்கூடிய தூரத்துக்கு ஒரே தாவலில் அனுப்புங்கள். ‘நம்பகமாக’ என்ற சொல்லில்தான் அடுத்த படி இருக்கிறது.

ஐந்தாம் படி: ஒரு இணைப்பின் விலையை எப்படி அளப்பது

தாவல் எண்ணிக்கை மிகக் குறைவாக உள்ள வழியைத் தேர்ந்தெடுப்பது எளிது. ஆனால் அது நீண்ட, நலிந்த இணைப்புகளையே தேடிப் பிடிக்கும். அவற்றில் பாக்கெட் தொலையும், மறுபடி அனுப்ப வேண்டிவரும். 2003-இல் டி கூட்டோவும் சகாக்களும் முன்வைத்த இடிஎக்ஸ் என்ற அளவீடு இதைச் சரிசெய்கிறது. ஒரு பாக்கெட் வெற்றிகரமாகப் போய்ச்சேர்ந்து, ‘கிடைத்தது’ என்ற ஒப்புதலும் திரும்பி வர, சராசரியாக எத்தனை முறை அனுப்ப வேண்டும் என்பதே அது. போகும் திசையில் வெற்றி விகிதத்தையும் ஒப்புதல் வரும் திசையில் வெற்றி விகிதத்தையும் பெருக்கி, ஒன்றை அதனால் வகுத்தால் போதும்.

இரண்டு திசையிலும் 0.9 வெற்றியுள்ள இணைப்புக்கு இடிஎக்ஸ் 1.23. இப்படி மூன்று தாவல் உள்ள வழியின் விலை 3.7. இன்னொரு வழியில் இரண்டே தாவல், ஆனால் ஒவ்வொன்றிலும் 0.6-உம் 0.7-உம் வெற்றி. ஒரு தாவலுக்கு 2.38, மொத்தம் 4.76. தாவல் எண்ணிக்கையில் தோற்ற வழி, அனுப்பும் எண்ணிக்கையில் வெல்கிறது. உறக்கத்தோடு இயங்கும் வலையமைப்பில் ஒவ்வொரு மறு அனுப்புதலும் மில்லிஜூல் கணக்கில் விலை கேட்கும் என்பதால் இடிஎக்ஸையே அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு மேல் மீதமுள்ள ஆற்றலைச் சேர்க்கலாம். எளிய வழி, இணைப்பின் இடிஎக்ஸைத் தொடக்க ஆற்றலுக்கும் மீதமுள்ள ஆற்றலுக்கும் உள்ள விகிதத்தால் பெருக்குவது. பாதி தீர்ந்த கணு வழியாகப் போகும் பாதைக்கு விலை இரட்டிப்பாகும், போக்குவரத்து வேறு பக்கம் திரும்பும். நேர்த்தியாகத் தெரியும் இந்த யோசனையில் இரண்டு பொறிகள் இருக்கின்றன.

ஒன்று, பேட்டரியின் மின்னழுத்தத்தைப் பார்த்து மீதியைக் கணிப்பது. மின்னழுத்தம் வெப்பநிலையோடும் அந்த நேரச் சுமையோடும் ஆடும். சில பேட்டரிகளில் கடைசி வரை அசையாமல் நின்றுவிட்டுத் திடீரென்று விழும். ரேடியோ அனுப்பிய நேரம், பெற்ற நேரம், உறங்கிய நேரம் ஆகியவற்றைக் கணுவின் மென்பொருளே எண்ணிவந்து மின்னோட்டத்தால் பெருக்கிக் கழிப்பது அதைவிட நம்பத் தகுந்தது.

இரண்டு, மீதி ஆற்றலை ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் புதுப்பிப்பது. விலை கொஞ்சம் மாறும்போதெல்லாம் கணுக்கள் பாதையை மாற்றும், பாதை மாறும்போதெல்லாம் பரப்புச் செய்தி பறக்கும், ஒவ்வொன்றும் 6.5 மில்லிஜூல் என்று பார்த்தோம். மிச்சப்படுத்த வந்த அளவீடே செலவாளியாகிவிடும். நான்கு அல்லது ஐந்து நிலைகளாக மட்டும் பிரித்து, நிலை மாறும்போது மட்டும் அறிவிக்கச் செய்யுங்கள். இப்போதுள்ள பாதையைவிடப் புதிய பாதை தெளிவாக மேலானது என்றால் மட்டுமே மாற வேண்டும் என்ற விதியும் கட்டாயம் இருக்கட்டும். ஆர்எஃப்சி 6719 என்ற இணையத் தர ஆவணத்தில் உள்ள எம்ஆர்எச்ஓஎஃப் என்ற பாதைத் தேர்வு விதி இதற்கு நல்ல முன்மாதிரி: அதன் இயல்பு அமைப்பில், புதிய பெற்றோர் (வேரை நோக்கித் தரவை அடுத்து வாங்கிக்கொள்ளும் கணு) வழியான இடிஎக்ஸ் 1.5-க்கு மேல் குறைந்தால்தான் கணு மாறும்.

ஆறாம் படி: நெறிமுறைக் குடும்பத்தைத் தேர்ந்தெடுங்கள்

படிக்கத் தொடங்கினால் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் கற்க வேண்டியதில்லை. கற்க வேண்டிய முதல் நெறிமுறை லீச். அதை ஆழமாகப் புரிந்துகொண்டால் பின்னால் வந்த பல நெறிமுறைகளை அதன் திருத்தங்களாகவே படித்துவிடலாம்.

லீச்சில் காலம் சுற்றுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் சில கணுக்கள் தலைமையேற்கின்றன. மற்றவை தமக்கு மிக வலுவாகக் கேட்கும் தலைமைக் கணுவோடு சேர்ந்து ஒரு குழுவாகின்றன. தலைமைக் கணு நேர அட்டவணை கொடுக்கும்; உறுப்புக் கணு தன் முறை வரும்போது மட்டும் விழித்துத் தரவைக் கொடுத்துவிட்டு உறங்கும். தலைமைக் கணு எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருக்கிச் சேகரிப்புக் கணுவுக்கு அனுப்பும். தலைமை என்பது பெரும் சுமை. ஆகவே அது சுழற்சி முறையில் மாற வேண்டும்.

அந்தச் சுழற்சிக்கான சூத்திரம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. மைய அதிகாரம் எதுவும் இல்லாமல் நியாயத்தைக் கொண்டுவருகிறது. கணுக்களில் 5 சதவீதம் தலைமையேற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 20 சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு கணுவுக்கும் வாய்ப்பு வர வேண்டும். ஒவ்வொரு கணுவும் பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே ஓர் எண்ணைத் தற்செயலாக எடுக்கும். அது வாசல் எண்ணைவிடக் குறைவாக இருந்தால் தலைமையேற்கும். ஏற்கெனவே தலைமையேற்ற கணுக்கள் அந்த 20 சுற்று முடியும் வரை ஒதுங்கியிருக்கும். தொடக்கச் சுற்றில் வாசல் எண் 0.05. பத்துச் சுற்று கடந்தபின், பாதிப் பேர் முறை முடிந்திருப்பதால், மீதிப் பேருக்கு 0.1. கடைசிச் சுற்றில் அது 1; இன்னும் தலைமையேற்காத கணு எதுவானாலும் ஏற்றே ஆக வேண்டும். யாரும் தப்ப முடியாது, யாரும் இரண்டு முறை மாட்டிக்கொள்ளவும் முடியாது.

லீச்சின் குறைகளையும் தெரிந்தே அதைக் கையில் எடுங்கள். எந்தக் கணுவும் சேகரிப்புக் கணுவை நேரடியாக எட்டும் என்று அது நம்புகிறது. பெரிய பரப்பில் இது நடக்காது. மீதமுள்ள ஆற்றலை அந்தத் தேர்வு பார்ப்பதில்லை. தலைமைக் கணுக்கள் ஒரே மூலையில் குவிந்துவிடவும் கூடும். 2004-இல் யூனிஸும் ஃபாமியும் தந்த ஹீட், மீதமுள்ள ஆற்றலையும் குழுவுக்குள் பேசும் செலவையும் பார்த்துத் தலைமையைத் தேர்ந்தெடுக்கிறது. லிண்ட்சேயும் ராகவேந்திராவும் தந்த பெகாசிஸ், கணுக்களைச் சங்கிலியாகக் கோத்து ஒவ்வொன்றும் பக்கத்துக் கணுவோடு மட்டும் பேசும்படி செய்கிறது. ஆற்றல் மிச்சம்தான், ஆனால் சங்கிலி நீளமானால் தரவு வந்துசேரத் தாமதமாகும். இருக்குமிடம் தெரிந்த கணுக்களுக்கு ஜிபிஎஸ்ஆர், கியர் போன்ற இடஞ்சார் நெறிமுறைகள் உண்டு. கணுவுக்கு இடம் தெரியவைப்பதற்கே தனிச் செலவு உண்டு என்பதால் அவற்றை இங்கே விரிக்கவில்லை.

இன்று கருவிகளை வாங்கி, சேகரிப்புக் கணுவை நோக்கிப் பல தாவலில் தரவு போகும் வலையமைப்பை நிஜமாகவே நிறுவப் போகிறீர்கள் என்றால், நான் சொல்வது ஆர்பிஎல். 2012-இல் ஆர்எஃப்சி 6550 ஆக வந்த தரநிலை இது. சேகரிப்புக் கணுவை வேராகக் கொண்டு, ஒவ்வொரு கணுவும் தனக்கொரு தரவரிசை எண்ணைக் கணக்கிட்டு, தன்னைவிட வேருக்கு அருகில் இருக்கும் ஒன்றைப் பெற்றோராகத் தேர்ந்தெடுக்கிறது. எந்த அளவீட்டைக் கொண்டு தேர்ந்தெடுப்பது என்பதைத் தனியாகச் செருகிக்கொள்ளலாம். ஐந்தாம் படியில் நீங்கள் வடித்த விலை இங்கேதான் போய் உட்காரும்.

ஏழாம் படி: கட்டுப்பாட்டுச் செய்திகளை அடக்குங்கள்

ஆர்பிஎல் தன் அறிவிப்புகளை எப்போது அனுப்புவது என்பதை ட்ரிக்கிள் என்ற முறையால் முடிவு செய்கிறது. வலையமைப்பு அமைதியாக இருந்தால் அறிவிப்பு இடைவெளி ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகும். ஏதாவது முரண்பாடு தெரிந்தால் மறுபடி மிகச் சிறிய இடைவெளிக்குத் திரும்பும். அண்டைக் கணுக்கள் அதே செய்தியைப் போதிய அளவு சொல்லிவிட்டதைக் கேட்டால் தான் சும்மா இருந்துவிடும். ஆர்எஃப்சி 6550-இன் இயல்பு எண்கள்: மிகச் சிறிய இடைவெளி 8 மில்லிவிநாடி, அதன் பிறகு 20 இரட்டிப்பு. அதாவது உச்சத்தில் 2.3 மணி நேரம்.

125 மில்லிவிநாடிக்கு ஒருமுறை விழிக்கும் கணுவுக்கு 8 மில்லிவிநாடி இடைவெளி பொருந்தாது என்பது பார்த்தவுடனே தெரியும். ஒரு பரப்புச் செய்தி முடிவதற்குள் அடுத்தது கிளம்பிவிடும். உறக்கம் உள்ள வலையமைப்பில் தொடக்க இடைவெளியைச் சில விநாடிகளுக்கு உயர்த்துங்கள். அதன் பிறகு, களத்தில் எத்தனை முறை ட்ரிக்கிள் தொடக்கத்துக்குத் திரும்புகிறது என்று எண்ணுங்கள். அடிக்கடி திரும்பினால் ஏதோ ஓர் இணைப்பு ஊசலாடுகிறது என்று பொருள். அந்த இணைப்பைக் கண்டுபிடித்து, ஆண்டெனாவைக் கொஞ்சம் உயர்த்துவதோ நடுவில் ஒரு கணுவை வைப்பதோ எந்த நெறிமுறை மாற்றத்தையும்விடப் பலன் தரும்.

எட்டாம் படி: ஓட்டைக்கு மேல் பாரத்தைக் குறையுங்கள்

முதல் வளையக் கணு 25 பாக்கெட் சுமக்கிறது என்று பார்த்தோம். அந்த எண்ணைக் குறைக்க நேரடியான வழிகள் இருக்கின்றன. கட்டுரைகள் இவற்றை ஒரு வரியில் கடந்துபோய்விடுகின்றன. இரண்டாவது சேகரிப்புக் கணு வைத்தால் சுமை பிரியும். முதல் வளையத்தில் மட்டும் கூடுதலாகக் கணுக்களை நட்டு, முறைவைத்து உறங்கச் செய்யலாம். அல்லது அந்த வளையத்துக்கு மட்டும் பெரிய பேட்டரி, முடிந்தால் சூரியத் தகடு. எளிமையாக இருப்பதால் இவற்றைத் தள்ளிவிடாதீர்கள்.

தரவையே குறைப்பதும் உண்டு. ஒரு பாக்கெட்டில் 10 பைட் அளவீடுதான் இருக்கிறதென்றால், வழியில் உள்ள கணு ஐந்தாறு அளவீடுகளைச் சேர்த்து ஒரே சட்டகமாக அனுப்பலாம். அழைப்புச் செலவு பாக்கெட் எண்ணிக்கையைப் பொறுத்தது, பைட் எண்ணிக்கையைப் பொறுத்து அவ்வளவாக இல்லை. ஆகவே இது ஏறக்குறைய அத்தனை மடங்கு மிச்சம். அதற்கு விலை தாமதம். சராசரியோ உச்சமோ மட்டும் போதும் என்றால் இன்னும் சுருக்கலாம். 2001-இல் வந்த டீன் நெறிமுறை இன்னொரு நல்ல யோசனை தந்தது: அளவீடு ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டும் அனுப்பு, அதன் பிறகும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மாறினால் மட்டும் மறுபடி அனுப்பு. ஒன்றில் கவனமாக இருங்கள்: இப்படிச் செய்தால் அமைதியாக இருக்கும் கணு உயிரோடு இருக்கிறதா, அணைந்துவிட்டதா என்று தெரியாது. நாளுக்குச் சில முறையாவது உயிர்ச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: பாவனையில் ஓட்டுங்கள், பிறகு பத்துக் கணுவோடு களத்தில்

தொடங்குவதற்கு கான்டிக்கி-என்ஜி இயங்குதளமும், வலையமைப்பைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க அதோடு வரும் கூஜா பாவனைக் கருவியும் போதும். களக் கணுவில் ஏற்றப்போகும் அதே நிரலைக் கூஜாவில் ஓட்டலாம் என்பது அதன் பெரிய வசதி. எனர்ஜெஸ்ட் என்ற பகுதி, ரேடியோ அனுப்பிய நேரத்தையும் கேட்ட நேரத்தையும், நுண்கட்டுப்படுத்தி விழித்திருந்த நேரத்தையும் எண்ணித் தரும். மின்னோட்டத்தாலும் மின்னழுத்தத்தாலும் பெருக்கினால் ஜூல் கிடைத்துவிடும்.

இங்கே புதியவர்கள் அடிக்கடி விழும் குழி ஒன்று. கான்டிக்கி-என்ஜியின் சிஎஸ்எம்ஏ என்ற ஊடக அணுகல் அடுக்கு ரேடியோவை உறங்கவிடாது. அதன் மேல் ஆர்பிஎல்லை வைத்து இரண்டு அளவீடுகளை ஒப்பிட்டால் இரண்டும் ஒரே ஆற்றலைக் காட்டும். ஏனென்றால் இரண்டிலும் ரேடியோ நூறு சதவீதம் திறந்திருக்கிறது. டிஎஸ்சிஎச்சுக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

கூஜாவின் எளிய வட்ட ரேடியோ மாதிரியில் வட்டத்துக்குள் இருந்தால் பாக்கெட் தொலையாது என்பதே இயல்பு அமைப்பு. அதில் வெற்றி விகிதத்தை ஒன்றுக்குக் கீழே இறக்காவிட்டால் இடிஎக்ஸ் எப்போதும் ஒன்றை ஒட்டியே நிற்கும், உங்கள் ரூட்டிங் தேர்வு சோதிக்கப்படவே படாது. பாவனையின் தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் விதை எண் ஒன்றில் ஒரே முறை ஓட்டி முடிவு சொல்லாதீர்கள். விதையை மாற்றிப் பலமுறை ஓட்டி, சராசரியோடு சிதறலையும் காட்டுங்கள். ஆயுளைச் சொல்லும்போது முதல் கணு அணைந்த நேரம், பாதிக் கணுக்கள் அணைந்த நேரம், கடைசிக் கணு அணைந்த நேரம் மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். கடைசிக் கணு நீண்ட நாள் வாழ்ந்தது என்று மட்டும் சொல்லும் ஒப்பீடு, தனித்து விடப்பட்ட ஒரு கணுவின் நீண்ட ஆயுளைத்தான் புகழ்கிறது.

களத்துக்குப் போகுமுன் ஒரு கணுவை மேசைமேல் வைத்து, சிறு மின்தடையைத் தொடரில் சேர்த்து, அலைக்காட்டியில் மின்னோட்டத்தைப் பாருங்கள். உறக்கத்தில் சில மைக்ரோஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மில்லிஆம்பியர் தெரிந்தால், எரிந்துகொண்டிருக்கும் விளக்கு, அணைக்கப்படாத சென்சார், வீணடிக்கும் மின்னழுத்தச் சீராக்கி என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். அந்த ஒரு மில்லிஆம்பியர், 1 சதவீத விழிப்பில் ரேடியோ எடுக்கும் 0.188-ஐப்போல ஐந்து மடங்கு. அது இருக்கும்வரை ரூட்டிங்கில் நீங்கள் செய்யும் எதுவும் பேட்டரியில் தெரியாது.

பிறகு பத்துக் கணுக்களை நிறுவி, ஒவ்வொரு தரவுப் பாக்கெட்டோடும் நான்கு விவரங்களை அனுப்பச் செய்யுங்கள்: தற்போதைய பெற்றோர், அந்த இணைப்பின் இடிஎக்ஸ், இதுவரை ரேடியோ திறந்திருந்த மொத்த நேரம், பிறருக்காகச் சுமந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கை. எட்டு பைட்டுக்குள் அடங்கும். இரண்டு வாரம் ஓடியபின் கணுக்களைச் சுமந்த எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தினால், பட்டியலின் தலையில் நிற்கும் கணு எது என்று தெரிந்துவிடும். மூன்றாம் படியில் காகிதத்தில் கணித்த கணுவும் அதுவும் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறாக இருந்தால் அதன் அண்டைக் கணுக்களின் இடிஎக்ஸைப் பாருங்கள். அநேகமாக ஒரு நலிந்த இணைப்பு, போக்குவரத்தை இந்தப் பக்கம் தள்ளிவிட்டிருக்கும். அதைச் சரிசெய்துவிட்டு, மீதிக் கணுக்களை நிறுவத் தொடங்கலாம்.